அவுரியஸ்: கருக்காக்குறிச்சியில் கிடைத்த பொன்

ரோமானியப் பேரரசின் பொற்காசுக்கு அவுரியஸ் என்று பெயர். லத்தீனில் பொன்னுக்கு ‘அவுரும்’ என்று பெயர். அதிலிருந்து வந்த ‘அவுரியஸ்’ என்ற அடைமொழிக்குப் ‘பொன்னாலான’ என்பது பொருள். ‘பொன்னாலான காசு’ என்று முழுதாகச் சொல்லிவந்தவர்கள் நாளடைவில் காசை விட்டுவிட, அடைமொழியே பெயராக நிலைத்தது. மாங்குயிலைக் குறிக்கும் ‘ஓரியோல்’ என்ற ஆங்கிலப் பெயரும், வேதியியலில் தங்கத்துக்குரிய ‘ஏ.யு.’ குறியீடும் இதே வேரிலிருந்து கிளைத்தவை.

ஜூலியஸ் சீசர் காலத்தில் ஒரு ரோமானிய ராத்தல் பொன்னில் 40 காசுகள் அடித்தார்கள். ஒரு காசு சுமார் 8 கிராம், அதாவது ஏறத்தாழ ஒரு பவுன் எடை. பின்னர் பேரரசன் நீரோ அதே ராத்தலில் 45 காசுகள் அடிக்கச் செய்து எடையைக் குறைத்தான். ஓர் அவுரியஸுக்கு 25 வெள்ளித் தெனாரியஸ், அல்லது 100 செஸ்டர்ஸ். இந்தியாவுக்கு ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் போய்விடுகிறது என்று முதலாம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி குறைபட்டுக்கொண்டார். அவுரியஸ் கணக்கில் அது 5 லட்சம் காசு.

அப்படி வந்த பொன்னில் ஒரு பகுதி 1898-இல் புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கருக்காக்குறிச்சியில் வெளிப்பட்டது. கிடைத்தவை 501 காசுகள். அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் காலத்தவை. அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளி வெட்டு ஆழமாக விழுந்திருக்கிறது. புழங்கித் தேய்ந்த காசுகளும் இவற்றில் ஏராளம்.

வெட்டியது ஏன்? உள்ளே செம்பு வைத்துப் பொன்முலாம் பூசிய போலியா என்று சோதித்தார்கள் என்பது ஒரு விளக்கம். இனி இது காசாகச் செல்லாது, எடைக்கு மட்டுமே பொன் என்று அடையாளமிட்டார்கள் என்பது இன்னொன்று. சோதிப்பதுதான் நோக்கமென்றால் காசின் எந்த இடத்தில் வெட்டினாலும் போதும். தேடிப் பிடித்து முகத்தையே வெட்டியிருப்பதால் இரண்டாவது விளக்கமே பொருந்துகிறது. அடித்த அரசனின் அதிகாரத்தை நீக்கிவிட்டு உலோகத்தின் மதிப்பை மட்டும் ஏற்றுக்கொண்ட வணிகம் இது.

ரோமில் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரரசர் கான்ஸ்டன்டைன் கொண்டுவந்த ‘சொலிடஸ்’ காசு அவுரியஸின் இடத்தைப் பிடித்தது. அவுரியஸ் மறைந்தாலும், கருக்காக்குறிச்சிக் காசுகளில் சில லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன.