நிலவில் டீ ஆற்றுவது எப்படி?

சூடான டீயை ஆற்ற மூன்று வழி உண்டு. டம்ளருக்கும் டவராவுக்குமாக இழுத்து ஆற்றினால், சூட்டைக் காற்று வாங்கிக்கொள்ளும். தண்ணீர்த் தட்டில் வைத்தால், சூடு தண்ணீருக்கு இறங்கும். சும்மா வைத்தாலும் ஆறும். அடுப்பருகே நின்றால் கன்னத்தில் அனல் அடிப்பதுபோல, டம்ளரும் வெப்பத்தைக் கதிராக வீசிக்கொண்டே இருக்கிறது.

நிலவில் காற்று இல்லை. முதல் வழி அடைபட்டது.

தண்ணீர்த் தட்டுக்குப் பதில் மண்ணில் புதைக்கலாமே? நிலவின் மேல்மண் அடுப்புச் சாம்பல் போன்றது. சாம்பல் மூடிய கங்கு விடியும்வரை கனலும். 2023-இல் சந்திரயான்-3 தன் வெப்ப ஊசியை மண்ணில் இறக்கியது. மேலே 50 டிகிரி செல்சியஸுக்கும் அதிகம். நான்கு விரற்கடை ஆழத்தில், அதாவது 8 செ.மீ. கீழே, மைனஸ் 10! அந்தப் பொடி சூட்டை அவ்வளவு எளிதில் கடத்தாது.

மிஞ்சுவது மூன்றாவது வழி. டீக்கு மட்டுமல்ல, நிலவில் ஓடும் இயந்திரங்களுக்கும் அதுதான். இயந்திரங்களின் சூட்டைக் குழாய்த் திரவம் அள்ளிவந்து அகலத் தகட்டில் பரப்பும். தகடு அதை வானத்துக்கு வீசும். 27 டிகிரியில் ஒரு சதுர மீட்டர் வீசுவது அதிகபட்சம் 460 வாட், ஏறக்குறைய ஒரு மிக்ஸியின் அளவு. ஆகவே நிறையத் தகடு வேண்டும்.

தகட்டுக்கு உலோகம்? நிலவின் வெளிறிய மேட்டுநிலங்கள் அனார்த்தோசைட் பாறை; அதில் அலுமினியம் ஏராளம். (நாமக்கல் பக்கத்து அனார்த்தோசைட்டை அரைத்துத்தான் இஸ்ரோ மாதிரி நிலவுமண் செய்தது.) மண்ணை உருக்கி மின்சாரம் பாய்ச்சினால் ஆக்சிஜன் ஒரு பக்கம் பிரியும், மறுபக்கம் முதலில் இரும்பு, பிறகு சிலிக்கான், கடைசியில் அலுமினியம்.

வந்த தகட்டை அப்படியே மாட்டக் கூடாது. துலக்கிய பாத்திரத்தைவிடக் கரிபிடித்த சட்டி வேகமாக ஆறும். பளபளப்பு அனலை வெளியே விடாது. கரி பூசினாலோ வெயிலையும் குடிக்கும். அதனால் வெயிலைத் திருப்பியடித்து அனலை மட்டும் வீசும் வெள்ளைப் பீங்கான் பூச்சு தேவை.

பிறகு தூசி. 1972-இல் அப்போலோ 16, 17 பயணங்களில் நிலவு வண்டியின் பேட்டரிகள் சூடேறின. அவற்றின் வெப்பம் வீசும் பரப்பில் மண் படிந்ததே காரணம். தூரிகையால் தட்டியும் முழுதாகப் போகவில்லை. களத்தைச் சாணி போட்டு மெழுகுவதுபோல, தகட்டைச் சுற்றியுள்ள தரையைச் சுட்டு இறுக்கிவிட்டால் தூசி குறையும்.

பொடியாக இருக்கும்வரை அந்த மண் சூட்டைப் பூட்டிவைக்கும். சமைத்தால்தான் வழிவிடும்.