கூட்டமைப்பு மூச்சுவிடக் காசு வேண்டும்

கனடாவில் அகதிக் கோரிக்கை வைத்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் எம்மவர்கள், மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டத்தை நம்பித்தான் டொக்டரிடம் போகிறார்கள். புதிதாக வந்த குடும்பங்களுக்கு அது எப்போதும் இருந்துவரும் ஒன்றாகத் தோன்றலாம். அப்படியல்ல. 2012 ஜூன் 30ஆம் திகதி அரசு அதைப் பெருமளவு வெட்டியது. பலருக்கு மருந்துச் செலவு நின்றது. பாதுகாப்பானவை என அரசு பின்னர் பட்டியலிட்ட நாடுகளிலிருந்து வந்தோருக்கு, பொதுமக்களுக்கு ஆபத்தான நோயென்றால் மட்டுமே வைத்தியம் என்றாயிற்று.

இதைத் திருப்பியது யார்? வெள்ளைக் கோட்டுடன் தெருவில் இறங்கிய டொக்டர்களும், அகதிகளுக்காக வாதாடும் வழக்கறிஞர்களும், தம் நோயை வெளியே சொல்லத் துணிந்த அகதிகளும்தான். இந்த வெட்டு கொடூரமானது, உரிமைகள் சாசனத்துக்கு முரணானது என்று 2014 ஜூலை 4ஆம் திகதி சமஷ்டி நீதிமன்ற நீதியரசர் ஆன் மக்டாவிஷ் தீர்ப்பளித்தார். 2016 ஏப்ரலில் திட்டம் முழுமையாக மீண்டது.

வெற்றி வந்தபின் என்ன நடக்கிறது? கூட்டத்துக்கு ஆட்கள் குறைகிறார்கள். ஒரு வருடக் காசு முடிகிறது. ஒழுங்குசெய்தவருக்கு வேலை போகிறது. தொலைபேசி அடித்தால் எடுக்க ஆளில்லை. எங்கள் பகுதியிலும் இப்படியொரு சுகாதாரக் கூட்டமைப்பு இழுத்துக்கொண்டு கிடக்கிறது. அடுத்த வெட்டு வரும்போது யார் எழும்புவது?

காசு தரும் அறக்கட்டளைகளுக்கு, தொழிற்சாலையில் வேலை செய்யும் நாங்கள் சொல்ல விரும்புவது இதுதான்.

முதலாவது, ஆளுக்குக் காசு தாருங்கள். துண்டுப்பிரசுரத்துக்கும் கருத்தரங்குக்கும் காசு கிடைக்கிறது. எல்லோரையும் கூப்பிட்டு ஒன்றுசேர்க்கும் ஒருவருக்குச் சம்பளம் கிடைப்பதில்லை. அந்த ஒருவர் இல்லாவிட்டால் கூட்டமைப்பு வெறும் பெயர்ப்பலகைதான். அந்தச் சம்பளமும் ஒரு வருடத்துக்கல்ல, மூன்று வருடத்துக்காவது வேண்டும்.

இரண்டாவது, போட்டியை வளர்க்காதீர்கள். ஒரே காசுக்கு ஐந்து சங்கங்களை விண்ணப்பிக்க விட்டால், அவர்கள் ஒரே மேசையில் மனம்விட்டுப் பேசுவார்களா? கூட்டு வேலைக்கென்று தனியாக ஒதுக்குங்கள். எதைச் செய்வது, எதைக் கைவிடுவது என்பதை அவர்களே இருந்து பேசி முடிவெடுக்க அவகாசம் கொடுங்கள்.

மூன்றாவது, நோயும் கஷ்டமும் அனுபவிப்பவர்கள் வர வழி செய்யுங்கள். வேலைநாளில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் ஷிவ்ற் வேலை செய்யும் நாங்கள் எப்படி வருவது? ஒருநாள் சம்பளம் போனால் வாடகையில் இடிக்கும். பஸ் காசு, பிள்ளை பார்க்க ஆள், மொழிபெயர்ப்பாளர் ஆகியவை கூட்டத்தின் அத்தியாவசியச் செலவுகள்.

நான்காவது, சட்டத்துக்குப் பயப்படாதீர்கள். முன்பு பதிவுபெற்ற தர்ம அமைப்புகள் அரசியல் சார்ந்த வேலைக்குத் தம் வளத்தில் ஏறத்தாழ 10 வீதம்தான் செலவிடலாம் என்றிருந்தது. 2018இல் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. கட்சி அரசியல் கூடாது. தம் தர்ம நோக்கத்துக்காக அரசின் கொள்கையை மாற்றச் சொல்லிக் குரல் கொடுக்கலாம். 2022இல் இன்னொரு கதவும் திறந்தது. பதிவில்லாத குழுக்களுக்கும், சில நிபந்தனைகளுடன், தர்ம அமைப்புகள் காசு கொடுக்கலாம். ஆகவே பதிவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு சிறிய கூட்டமைப்பைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

பெரிய அறக்கட்டளைகளை மட்டும் சொல்லி நாங்கள் ஒதுங்க முடியாது. எமது கோயில்கள், பழைய மாணவர் சங்கங்கள், வர்த்தகர்கள் எல்லோரிடமும் கொடுக்கும் பழக்கம் உண்டு. கலைவிழா மலருக்கு விளம்பரம் தரும் கை இதற்கும் நீளட்டும். காசில்லையென்றால் ஞாயிறு பின்னேரம் ஒரு மண்டபத்தைத் திறந்துவிடுங்கள். அதுவே பெரிய உதவி.

புதிதாக வந்த குடும்பங்களே, உங்களிடம் யாரும் காசு கேட்கவில்லை. மருந்து கிடைக்காமல் திரும்பி வந்திருந்தால் அந்தத் திகதியையும் சொன்ன காரணத்தையும் எழுதி வையுங்கள். கூட்டமைப்பு கூப்பிடும்போது போய்ச் சொல்லுங்கள். நீதிமன்றத்தில் 2014இல் எடுபட்டது அப்படிப்பட்ட உண்மைகள்தான். ஊரில் கிணறு இறைக்கக் கூடிய நாங்கள் இதற்கும் கூடுவோம்.