ஒருதலைக் காமம்: பனையடியில் நின்றாளும் கடல் கடந்தாளும்

சென்ற விடுமுறையில் ஆனையூரில் எம்மில்லத்திருந்தபோது பழைய பிரெஞ்சுத் திரைப்படமொன்றைக் காணும் வாய்ப்பு எமக்கு நேர்ந்தது. பிரான்சுவா துரூஃபோ என்பார் இயக்க, 1975ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அதேல் எச். சரிதை’ என்பது அது. அன்று காலையிலேதான் புறநானூற்றுப் பாடத்தைப் படித்து முடித்திருந்தோம். ஆதலின், பிரெஞ்சு மகளொருத்தியும் உறையூர் மகளொருத்தியும் எம் நெஞ்சில் ஒருங்கே வந்து நின்றனர். இருவர் காதலும் ஒருதலைக் காதலே. ஆயின் இருவர் சென்ற வழியும் வேறு. அவ்வேற்றுமையைத் தமிழிலக்கணத்தின் துணைகொண்டு விளக்கப் புகுகின்றோம்.

தொல்காப்பியர் அகத்திணையை ஏழாக வகுத்தார். இடைநின்ற ஐந்தும் ஒத்த அன்பினர்க்கு உரியன. முதற்கண் நின்றது கைக்கிளை. இறுதிக்கண் நின்றது பெருந்திணை. கை என்பது சிறுமை; கிளை என்பது உறவு. காதலின் பொருளை இன்னும் அறியாத இளையாள் ஒருத்தியிடம் தன் வேட்கையைக் கூறி, மறுமொழி பெறானாகியும், தான் கூறியதனாலேயே இன்புறுகின்ற ஆடவனது நிலையைக் கைக்கிளைக்கு இலக்கணமாகக் காட்டினார் ஆசிரியர். ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. அவன் பேசுகின்றான், அவ்வளவே. வற்புறுத்துகின்றானல்லன். பெருந்திணையோ அவ்வெல்லையைக் கடந்தது. மடலேறுதல், இளமை நீங்கிய பின்னும் விரும்புதல், தெளிவு அற்றொழிந்த காமம், வலிந்து கொள்ளும் காமம் என்னும் நான்கும் அதன் கூறுகளாம்.

இனி உறையூர் மகளைக் காண்போம். பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் என்பது அவர் பெயர். கோழி என்பது உறையூரின் மறுபெயர். டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1894ஆம் ஆண்டில் அச்சேற்றிய புறநானூற்றில் 83, 84, 85 ஆகிய மூன்று பாட்டுகளும் இவருடையன. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்பானைக் கண்டு இவர் பாடியவை எனப் பழைய குறிப்புக் கூறும், திணை கைக்கிளை. அகப்பாட்டில் ஒருவரது பெயரைச் சுட்டலாகாதென்பது விதியாதலின், இன்னார்மேற்றென அறியக் கிடக்கும் இக்காதற் பாட்டுகள் புறத்தொகையில் இடம்பெற்றன போலும்.

அப்பாட்டுகளின் பொருள் எளியது. தாய்க்கு அஞ்சுகின்றேன், அவையோர்க்கு நாணுகின்றேன் என்று நடுங்குவது ஒரு பாட்டு. அவன் கூழுண்டும் தோள் பெருத்திருக்கின்றான், யானோ அவன் சிறைப்புறத்திருந்தே பசந்தேன் என்று இரங்குவது மற்றொன்று. அவன் மற்போர் புரிந்த நாளில், வென்றான் என்பாரும் வென்றிலன் என்பாருமாய் ஊர் இரண்டுபட்டபோது, சிலம்பொலிக்க ஓடிச் சென்று, ஒரு பனைமரத்தைச் சார்ந்து நின்று, அவன் வென்றதைத் தம் கண்ணாற் கண்டதாகக் கூறுவது மூன்றாவது. அம்மூன்று பாட்டிலும் அவர் அவனிடம் யாதொன்றையும் கேட்டாரல்லர்.

பிரெஞ்சு மகளின் வரலாறு இது. பெருங்கவிஞர் விக்தோர் யூகோவின் இளைய மகளாகிய அதேல் 1830ஆம் ஆண்டிற் பிறந்தவர். பின்சன் என்னும் ஆங்கிலப் படைத்தலைவனைக் காதலித்து, தந்தை நாடுகடந்து வாழ்ந்த கர்ன்சித் தீவினின்று 1863ஆம் ஆண்டில் ஒருவரும் அறியாது புறப்பட்டு, அவன் படையிருந்த கனடா நாட்டு ஆலிபாக்சு நகர் சேர்ந்தார். அவன் ஏற்றிலன். ஏற்றான், மணமும் முடிந்தது என்று வீட்டிற்குப் பொய்யெழுதினார். அவன் படை 1866ஆம் ஆண்டில் பார்படோசுத் தீவிற்குச் செல்ல, அங்கும் பின்தொடர்ந்தார். மறைகுறியீட்டாற் பக்கம் பக்கமாக நாட்குறிப்பு எழுதினார். 1872ஆம் ஆண்டில் அறிவு திரிந்த நிலையிலே தாயகம் கொணரப்பட்டு, எஞ்சிய நாற்பத்து மூன்றாண்டுகளையும் மனநோயர் இல்லத்திற் கழித்து, 1915ஆம் ஆண்டில் மறைந்தார். திரைப்படத்தின் இறுதிக்கண் ஒரு காட்சியுண்டு. பார்படோசுத் தெருவில் பின்சன் எதிர்வந்து பெயர் கூறி விளிக்கின்றான். அவரோ அவனை அறியாதவராய்க் கடந்து செல்கின்றார். யாருக்காகக் கடல் கடந்தாரோ அவன் முகமே மறந்துபோயிற்று! காமம் எஞ்சிற்று, காதலன் எஞ்சிற்றிலன். தெளிவு ஒழிந்த காமம் எனத் தொல்காப்பியர் குறித்தது இதுவன்றோ? அதேலாக நடித்த இசபெல் அட்சானி படமெடுத்த நாளில் எம்மையொத்த பத்தொன்பது பிராயத்தினர் என்பதை அறிந்து வியந்தோம்.

அதேலின் கேடு பெரும்பாலும் அவரையே சுட்டது. ஆடவரது பெருந்திணையோ பெண்ணைச் சுடும். பனங்கருக்கு மட்டையாற் குதிரை செய்து, எருக்கமாலை சூடி, தலைவியின் ஓவியத்தைக் கையிலேந்தித் தெருவில் ஊர்வது மடலேறுதல். எம் ஊர்ப்புறத்துக் கருக்கு மட்டையைத் தொட்டறிந்தார்க்கு அதன் கொடுமை விளங்கும். ஆயின், கருக்கு அறுப்பது ஏறினான் உடலை மட்டுமன்று. ஊரறியப் பெயர்பட்ட பெண் உடன்படாது என் செய்வாள்? தன் புண்ணைக் காட்டிப் பிறரைப் பணியச்செய்யும் சூழ்ச்சி அது. பெண்டிர்க்கு மடலேறுதல் இல்லை என்று விலக்கினார் தொல்காப்பியர். அவ்விலக்கையும் மீறி, இறைவன்பாற் கொண்ட காதலால் மடலூர்வேன் எனப் பெண் கூற்றாகப் பாடினார் திருமங்கையாழ்வார்.

மடல் இன்றில்லை, மடலேறும் மனமோ இன்றும் உண்டு. மறுத்த பெண்ணை ஒருவன் விடாது தொடர்ந்தால் இறுதியில் அவள் இசைவாள் என்று எத்தனையோ திரைக்கதைகள் இளைஞர்க்குக் கற்பித்துவிட்டன. இசையாதவள் தாக்குண்ட செய்தியையும் நாளிதழ்களிற் படிக்கின்றோம். பெண்ணொருத்தியை அவள் விருப்பின்றிப் பின்தொடர்தல் குற்றமென 2013ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விதித்தது. சட்டம் தண்டிக்கும், நெஞ்சைத் திருத்துதல் கல்வியின் கடன்.

ஒருதலையாக விரும்புதல் குற்றமன்று. அதற்கும் ஒரு திணை வகுத்து இடந்தந்தனர் நம் முன்னோர். பிறருக்கும் ஒரு நெஞ்சுண்டு என்பதை மறக்கும்போதே அது கைக்கிளையினின்று வழுவிப் பெருந்திணையாகின்றது. நக்கண்ணையார் சார்ந்து நின்றதும் பனை. மடற்குதிரைக்கு மட்டை தந்ததும் பனையே. அம்மரத்தின்கீழ் நிற்பதோ, அதன் கருக்கின்மேல் ஏறுவதோ, அவரவர் தேர்ந்து கொள்வதாம்.