முதியோரின் இல்லமும் வாசல் தேடி வரும் உதவியும்



நம் ஊர்களில் மாடி வைத்துக் கட்டிய வீடுகள் பல உண்டு. அவற்றுள் எத்தனை வீடுகளில் இன்று ஒரு முதியவரோ, முதிய தம்பதியரோ மட்டும் வாழ்ந்து வருகின்றனர் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆண்மக்கள் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பொருளீட்டச் சென்றுள்ளனர். பெண்மக்கள் மணமுடித்து வேறூர் சென்றுவிட்டனர். 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அறுபது வயதைக் கடந்தோர் இந்தியாவில் 10 கோடிக்கு மேல் இருப்பதையும், தமிழகத்தில் அவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகம் என்பதையும் காட்டியது. அதற்குப் பிறகு இவ்விகிதம் உயர்ந்தே வந்துள்ளது.

தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று ஒரு நாள் செய்தி வருகிறது. உடனே பிள்ளைகள் கூடிப் பேசுகின்றனர். ஒருவர், தம்மோடு அழைத்துச் சென்றுவிடலாம் என்கிறார். மற்றொருவர், முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்கிறார். தாயாரிடம் மட்டும் எவரும் கேட்பதில்லை. கேட்டால் அவர் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: தம் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பதே அது. பாங்கோசை கேட்கும் அந்த வீடு, பெயர் சொல்லி அழைக்கும் அண்டை வீட்டார், கணவர் அடக்கப்பட்டிருக்கும் மையவாடி ஆகிய இவையே அவருடைய உலகம். அவ்வுலகிலேயே அவரை வாழவிட்டு, தேவையான உதவியை அவர் வாசலுக்குக் கொண்டு வருவது மூன்றாவது வழி. அதுவே வீட்டுப் பராமரிப்பு எனப்படுகிறது.

கூலிக்கு ஆள் வைப்பது குறையா?

இவ்வழியைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் ஒரு தயக்கம் எழுகிறது. "பெற்றோரைக் கவனிக்கக் கூலிக்கு ஆள் வைத்தார்கள் என்று ஊர் பேசாதா? பெற்றோருக்குச் செய்ய வேண்டிய கித்மத்தைப் பிறரிடம் ஒப்படைப்பது தகுமா?" என்பதே அது. இத்தயக்கத்தை நாம் அலட்சியம் செய்வதற்கில்லை. முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பைக் காட்டும் ஒரு சிறு சொல்லைக்கூடத் திருக்குர்ஆன் 17-ஆம் அத்தியாயத்தின் 23-ஆம் வசனம் தடுத்திருக்கும்போது, இது எளிதான விஷயம் ஆகாது.

எனினும் அதே திருமறையின் 28-ஆம் அத்தியாயத்தில், மத்யன் நகரத்து முதியவர் ஒருவரின் குடும்பத்தைக் காண்கிறோம். தந்தை முதுமையால் தளர்ந்துவிட்டார். ஆகவே அவருடைய இரு பெண்மக்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு நீர்த்துறைக்கு வந்து, ஆண்கள் விலகும் வரை ஒதுங்கி நிற்கின்றனர். மூஸா (அலை) அவர்கள் அவர்களுக்கு நீர் இறைத்துக் கொடுக்கிறார்கள். பின்னர் அப்பெண்மக்களில் ஒருவர், இவரை வேலைக்கு அமர்த்திக்கொள்ளுங்கள் என்று தந்தையிடம் யோசனை கூறுகிறார். அதற்கு அவர் எடுத்துக்காட்டிய தகுதிகள் இரண்டு: வலிமை, நம்பகம். அது ஆடு மேய்க்கும் பணியே. ஆயினும் முதுமையால் ஒரு வீட்டில் ஏற்பட்ட குறையை நிரப்ப வெளியாளின் உழைப்பை நாடுவது பழிக்கத்தக்கதன்று என்பதை இச்சம்பவத்திலிருந்து நாம் விளங்கிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்துங்கள். குளிப்பாட்டுவதையும், துணி துவைப்பதையும், மருந்து எடுத்துக் கொடுப்பதையும் பணியாளரிடம் ஒப்படைக்கலாம். அன்பான பேச்சையும், ஆலோசனை கேட்பதையும், அவர் சொல்லும் பழைய கதையைப் பத்தாவது முறையாகவும் முகம் சுளிக்காமல் கேட்பதையும் எவரிடமும் ஒப்படைக்க இயலாது. உடலுழைப்பின் சுமை குறைந்தால், வரும் நேரத்தில் மகன் மகனாக அமர்ந்து பேசலாம்.

எந்த உதவி? எவ்வளவு உதவி?

ஆள் தேடுவதற்கு முன் தேவையை அளந்தறிய வேண்டும். இதற்கு மருத்துவ உலகில் எளிய அளவுகோல்கள் இரண்டு உள்ளன. 1963-இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸும் அவருடைய குழுவினரும் வகுத்த பட்டியல் ஆறு செயல்களைக் கொண்டது: குளித்தல், உடுத்தல், கழிப்பறையைப் பயன்படுத்தல், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுதல், மலசலத்தை அடக்கிக்கொள்ளல், உண்ணுதல். இவற்றைப் பிறர் துணையின்றிச் செய்ய இயலுமா என்று ஒவ்வொன்றாகக் கவனிக்க வேண்டும்.

1969-இல் லாட்டன், பிராடி ஆகிய இருவர் வெளியிட்ட பட்டியல், தனித்து வாழ்வதற்குத் தேவையான எட்டுச் செயல்களைக் கூறுகிறது: தொலைபேசியில் பேசுதல், கடைக்குச் செல்லுதல், சமைத்தல், வீட்டைப் பேணுதல், துணி துவைத்தல், வெளியே பயணம் செய்தல், மருந்துகளைச் சரியாக உட்கொள்ளுதல், பணத்தைக் கையாளுதல்.

பெரும்பாலோரிடம் இரண்டாவது பட்டியலில் உள்ளவையே முதலில் தளர்கின்றன. சமையலும் கடைவேலையும் மட்டும் இயலாத ஒருவருக்கு, நாளுக்கு இரண்டு மணி நேரம் வந்து போகும் ஓர் உதவியாளரே போதும். அவருக்கு இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் வைப்பது வீண்செலவு மட்டுமன்று. இன்னும் இயங்கும் கைகால்களை முடக்குவதுமாகும். மாறாக, எழுந்து நிற்கவே இயலாதவருக்கு இரண்டு மணி நேர உதவி ஆபத்தாக முடியலாம்.

செய்து கொடுப்பதும் செய்ய வைப்பதும்

டென்மார்க் நாடு 1980-களின் இறுதியில் பழைய முறையிலான முதியோர் மனைகளைப் புதிதாகக் கட்டுவதை நிறுத்திவிட்டு, வீட்டுக்கே உதவியை அனுப்பும் முறைக்கு முதலிடம் கொடுத்தது. அந்நாட்டின் ஃபிரடெரிசியா நகராட்சி 2008-இல் மேலும் ஒரு படி சென்றது. உதவி கேட்டு விண்ணப்பிக்கும் முதியவருக்கு உடனே வேலைகளைச் செய்து கொடுத்துவிடாமல், பயிற்சியாளர்கள் சில வாரங்கள் வீட்டுக்கு வந்து, அவரே குளிக்கவும் உடுத்தவும் சமைக்கவும் மீண்டும் பழக்கினர். அதன் பின்னரும் இயலாதவற்றுக்கு மட்டும் ஆள் கொடுத்தனர்.

இதில் நமக்கு நல்ல பாடம் உண்டு. "நீங்கள் அசையாமல் உட்காருங்கள் அத்தா, நான் செய்கிறேன்" என்று எல்லாவற்றையும் பறித்துக்கொள்வது அன்பாகத் தோன்றும். ஆனால் நடக்காத கால் விரைவில் நடக்க இயலாத காலாகிவிடுகிறது. தாமே ஒளுச் செய்ய இயன்றவருக்கு, அமர்ந்து செய்ய ஓர் உறுதியான முக்காலியும் கைக்கெட்டும் உயரத்தில் குழாயும் அமைத்துக் கொடுங்கள். கீரை ஆய இயன்ற தாயாரிடம் கீரையைக் கொடுங்கள். தாம் இன்னும் பயனுள்ளவர் என்ற உணர்வே முதியவருக்குப் பாதி மருந்து.

முதலில் வீட்டைத் திருத்துங்கள்

முதியோரின் சுதந்திர வாழ்வைப் பறிப்பவற்றுள் முதன்மையானது கீழே விழுதல். ஒருமுறை இடுப்பு எலும்பு முறிந்தால் பலர் பழைய நடைக்குத் திரும்புவதே இல்லை. சுபுஹுக்கு முன் இருளில் எழுந்து, ஈரத் தரையில் நடந்து ஒளுச் செய்பவருக்கு இவ்வாபத்து மிகுதி. எனவே படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு எரியட்டும். கழிப்பறையில் சுவரோடு பதித்த கைப்பிடிக் கம்பி இருக்கட்டும். குந்தி எழ இயலாதவருக்கு உட்காரும் வகைக் கழிப்பறை அமைத்துக் கொடுங்கள். வழுக்கும் மிதியடிகளையும் காலில் சிக்கும் விரிப்புகளையும் அகற்றுங்கள். கண்ணாடியின் அளவைச் சோதியுங்கள். தலைசுற்றல் தரும் மருந்து எதுவும் உள்ளதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கதவை உள்ளிருந்து மட்டுமே திறக்கக்கூடிய தாழ்ப்பாளாக வைக்காமல், மாற்றுச் சாவி ஒன்றை நம்பிக்கையான அண்டை வீட்டாரிடம் கொடுத்து வையுங்கள்.

வலிமையும் நம்பகமும்

ஆள் அமர்த்தும்போது, மத்யன் பெண்மணி கூறிய இரண்டு தகுதிகளையும் அப்படியே அளவுகோலாகக் கொள்ளலாம்.

வலிமை என்பது இங்கே பணித்திறனையும் குறிக்கும். உதவியாளர் வேறு, செவிலியர் வேறு. குளிப்பாட்டல், உணவூட்டல், நடக்கத் துணை நிற்றல் ஆகியவற்றை உதவியாளர் செய்யலாம். ஊசி போடுதல், சிறுநீர்க் குழாய் மாற்றுதல், புண்ணுக்கு மருந்து கட்டுதல் ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற செவிலியரே செய்ய வேண்டும். படுக்கையிலேயே இருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிடில் படுக்கைப்புண் உண்டாகும் என்பதை அறியாதவரிடம் அத்தகைய நோயாளியை ஒப்படைக்காதீர்கள். பெண்களுக்குப் பெண் உதவியாளரையும், ஆண்களுக்கு ஆண் உதவியாளரையும் அமர்த்துங்கள். முதியவரின் வெட்கம் வயதோடு மறைந்துவிடுவதில்லை.

நம்பகத்தை முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அடையாளச் சான்றின் நகலையும் முன்பு பணிசெய்த வீட்டாரின் சொல்லையும் பெறுங்கள். நிறுவனத்தின் வழியாக வந்தால், அவர் வராத நாளில் மாற்றாள் யார் என்பதைக் கேட்டறியுங்கள். நகையையும் வங்கி அட்டையையும் பணியாளர் பொறுப்பில் விடாதீர்கள். அது அவரையும் சந்தேகத்திலிருந்து காக்கும். மருந்து, உணவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை நாள்தோறும் எழுத ஒரு குறிப்பேடு வையுங்கள்.

மத்யன் முதியவர் மூஸா (அலை) அவர்களிடம் காலவரையறையை வெளிப்படையாகப் பேசினார். அவருக்குச் சிரமம் தர விரும்பவில்லை என்பதையும் தெரிவித்தார். நாமும் வேலை நேரம், ஊதியம், வார விடுமுறை, உணவு ஆகியவற்றை முன்னரே பேசி எழுதிக்கொள்வோம். வியர்வை உலரும் முன் கூலி கொடுக்க வேண்டும் என்பதை மிம்பரில் கேட்டுத் தலையசைத்த நாம், பத்தாம் தேதி வரை ஒரு பணிப்பெண்ணைக் காத்திருக்க வைக்கலாமா? இரவெல்லாம் விழித்தவருக்குப் பகலில் உறங்க இடம் கொடுக்காத வீட்டில், பெற்றோர் மீது மட்டும் இரக்கம் எங்கிருந்து வரும்?

ஜமாஅத் செய்யக் கூடியது

பணம் அனுப்பப் பிள்ளைகள் இல்லாத முதியோர் என்ன செய்வர்? மதீனாவின் புறத்தே வாழ்ந்த பார்வையற்ற ஒரு மூதாட்டிக்கு உதவ உமர் (ரலி) அவர்கள் சென்றபோதெல்லாம், அவருக்கு முன்பே ஒருவர் வந்து வேலைகளை முடித்துச் சென்றிருந்தார் என்றும், மறைந்திருந்து பார்த்தபோது அவர் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களே என்று தெரிந்தது என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அந்த மூதாட்டி தம் வீட்டிலேயே இருந்தார். உதவிதான் அவரைத் தேடிச் சென்றது.

அண்டை மாநிலமான கேரளத்தில் இதற்கொரு நிகழ்கால முன்மாதிரி உண்டு. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலி தணிப்புப் பணி, அந்நூற்றாண்டின் இறுதியில் மலப்புரம் மாவட்டத்தில் மக்கள் இயக்கமாகவே வளர்ந்தது. வியாபாரிகளும் மாணவர்களும் தொழிலாளர்களும் சிறு தொகைகளைத் திரட்டினர். பயிற்சி பெற்ற தொண்டர்களும் செவிலியரும் படுக்கையில் கிடப்போரின் வீடுகளுக்கு முறைவைத்துச் சென்றனர். 2008-இல் கேரள அரசு இதற்கெனக் கொள்கையே வகுத்தது. நம் மஹல்லாக்களில் ஏன் இது இயலாது? தனித்து வாழும் முதியோரின் பட்டியல் ஒன்று, காலையில் ஒருமுறை கதவு தட்டிப் பார்க்க இளைஞர்கள் சிலர், கடனாகக் கொடுக்க இரண்டு சக்கர நாற்காலிகள், வாரம் ஒருமுறை வரும் ஒரு செவிலியர் என்று தொடங்கலாம்.

அரசின் வாயில்களையும் அறிந்திருங்கள். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளையும் இயன்முறைப் பயிற்சியையும் வலி தணிப்புச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டு சேர்க்க ஏற்பட்டது. முதியோருக்கான உதவி எண் 14567, கட்டணம் இல்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. புறக்கணிக்கப்பட்ட பெற்றோர் வருவாய்க் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இன்றியே முறையிட அது வகை செய்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, அது மீறப்பட்டால் செல்லாததாக்கவும் அச்சட்டத்தின் 23-ஆம் பிரிவு இடமளிக்கிறது. எனவே சொத்தை எழுதிக் கொடுக்கும் பெரியவர்கள் அந்நிபந்தனையைப் பத்திரத்திலேயே குறிப்பிடுவது பாதுகாப்பானது.

எல்லையை உணர்தல்

வீட்டுப் பராமரிப்பு எல்லாவற்றுக்கும் தீர்வாகாது. அடுப்பை அணைக்க மறப்பவரை, வழி தெரியாமல் தெருவில் இறங்கிவிடுபவரை, இரவில் தனித்து விடுவதற்கில்லை. உடலில் காரணம் சொல்ல இயலாத காயம், திடீர் மௌனம், பணியாளர் அருகில் வந்தால் அச்சம் ஆகியவற்றைக் கண்டால் உடனே விசாரியுங்கள். தொலைபேசியில் "நன்றாக இருக்கிறேன்" என்று பெற்றோர் சொல்வதை மட்டும் நம்பிவிடாதீர்கள். பிள்ளைகளை வருத்தக் கூடாதென்று அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். முகம் பார்த்துப் பேசுங்கள். விடுமுறையில் வரும்போது முதல் வேலையாக அந்தக் குறிப்பேட்டைப் புரட்டுங்கள்.

வாசகர்களே! இன்று நாம் பதிக்கும் கைப்பிடிக் கம்பி நாளை நம் கைக்கும் தேவைப்படும். நம் பெற்றோர் தம் இல்லத்தில், தம் விருப்பப்படி, கண்ணியத்தோடு இறுதி வரை வாழ நம்மால் இயன்றதைச் செய்வோமாக! நம்மைச் சிறு வயதில் பரிவுடன் வளர்த்த அவர்கள் மீது அல்லாஹ் தன் கருணையைப் பொழிவானாக! ஆமீன்.