சொற்புதிர்களில் மஞ்சள் நிறப் பாடும் பறவைகள்

"மஞ்சள் நிறச் சிறு பாடும் பறவை" என்பது ஆங்கிலக் குறுக்கெழுத்துப் புதிர்களில் இடம்பெறும் ஒரு வகைக் குறிப்பு ஆகும். இதற்கு ஒரே விடை கிடையாது. கேனரி, சிஸ்கின், செரின், ஃபிஞ்ச் எனப் பல பெயர்கள் பொருந்தும். எது சரியான விடை என்பதைப் பறவையியல் அன்று, கட்டங்களின் எண்ணிக்கையே முடிவு செய்கிறது. தமிழில் மூன்று கட்டங்களில் அடங்கும் கேனரிக்கு ஆங்கிலத்தில் ஆறு கட்டங்கள் தேவை. சிஸ்கினுக்கும் ஆறு. எனவே இவ்விரண்டையும் பிரித்தறிய, குறுக்கே செல்லும் சொற்களின் எழுத்துகள் வேண்டும்.

பொதுப்பெயர்களின் குழப்பம்

கேனரிப் பறவை அத்திலாந்திக் பெருங்கடலில் உள்ள கேனரி தீவுகளின் பெயரைப் பெற்றது. அத்தீவுகளின் பெயர் நாயைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பது பரவலான விளக்கம். காட்டில் வாழும் கேனரி பசுமையும் பழுப்பும் கலந்த மஞ்சள் நிறமுடையது. முழு மஞ்சள் நிறம் கூண்டு வளர்ப்பினால் உண்டானது.

யெல்லோஹாமர் என்ற பெயருக்கும் சுத்தியலுக்கும் தொடர்பு இல்லை. அதன் பிற்பகுதி, பன்டிங் வகைப் பறவையைக் குறிக்கும் 'ஆமர்' என்ற செருமானியச் சொல்லுக்கு உறவானது. ஐரோப்பாவில் இப்பெயர் மஞ்சள் தலையுடைய ஒரு பாடும் பறவையைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவின் அலபாமாவிலோ இதே பெயர் ஒரு மரங்கொத்தியைக் குறிக்கும். 1927 முதல் அம்மாநிலத்தின் பறவை அதுவே. அறிவியற் பெயர்கள் ஏன் தேவை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கோல்டுஃபிஞ்ச் என்றவுடன் இலண்டன்வாசி சிவந்த முகமும் சிறகில் மஞ்சள் பட்டையும் கொண்ட பறவையை நினைப்பார். நியூயார்க்வாசி நினைப்பதோ உடல் முழுதும் மஞ்சளான வேறோர் இனத்தை. அதற்குக் 'காட்டுக் கேனரி' என்ற பெயரும் உண்டு.

புதிர்களில் பயன்பாடு

முதல் குறுக்கெழுத்துப் புதிராகக் கருதப்படுவது, ஆர்தர் வின் உருவாக்கி 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் வெளியானதாகும். அதில் புறாவைக் குறிக்கும் 'டவ்' இருமுறை விடையாக வந்தது. இன்று எந்தப் பதிப்பாசிரியரும் இதை அனுமதிக்கமாட்டார்.

பிற்காலத்தில் பிரித்தானியாவில் வளர்ந்த மறைகுறிப்புப் புதிர்களில் பறவையைவிடப் பெயரின் எழுத்துகளே முதன்மை பெறுகின்றன. 'சிஸ்' என்பது சகோதரியின் பேச்சுவழக்குச் சுருக்கம், 'கின்' என்பது உறவினர், சேர்த்தால் சிஸ்கின். 'எஃப்' எழுத்துடன் அங்குலத்தைக் குறிக்கும் 'இன்ச்' சேர்ந்தால் ஃபிஞ்ச். எனினும் புதிர் அமைப்பவருக்கு மிகவும் கைகொடுப்பது செரின்தான். அதன் ஐந்து ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றினால், ஒலிப்பு மாறினாலும், சைரன், பிசினைக் குறிக்கும் ரெசின், அலசுதலைக் குறிக்கும் ரின்ஸ் ஆகிய சொற்கள் கிடைக்கின்றன. கிரேக்கத் தொன்மத்தில் சைரன் பாட்டுப் பாடி மாலுமிகளை மயக்குபவள் என்பதால், "குழம்பிய சைரன், ஒரு பாடும் பறவை" என்பது அழகிய குறிப்பாகிறது. பிரித்தானியாவில் செரின் அரிதாகவே காணப்படும் பறவை என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழ்ப் புதிர்களில் உயிர்மெய் பிரிக்கப்படாமல் ஒரே கட்டத்தில் நிற்பதால் இத்தகைய எழுத்து மாற்றம் கடினம். ஆனால் சொல்லுக்குள் சொல் ஒளிப்பது எளிது. எட்டுக் கட்டங்கள் கொண்ட மாம்பழச்சிட்டு என்னும் மஞ்சள் பறவையின் பெயரில் மாம்பழமும் உண்டு, சிட்டும் உண்டு. அப்பறவை சிட்டுக்குருவியின் குடும்பத்தைச் சேர்ந்ததன்று.