திருப்புளி எட்டாத இடம்

2010 வாக்கில் சென்னை ரிச்சி தெருவுக்கு லேப்டாப் வாங்கப் போனவர்கள், கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றை வாங்கிக்கொண்டு, மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிடுவார்கள். அந்த ‘அப்புறம்’ பலருக்கு உண்மையிலேயே வந்தது. 2 ஜிபி ராமுடன் வாங்கியவர் அடுத்த தீபாவளி போனஸில் இன்னொரு 2 ஜிபி வாங்க வருவார். கடைப் பையன் லேப்டாப்பைக் கவிழ்த்து, அடியில் இருக்கும் சின்ன மூடியின் திருகாணிகளைக் கழற்றுவான். ராமைச் சாய்வாகச் செருகி ஒரு அழுத்து அழுத்துவான். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். ஹார்ட் டிஸ்க்குக்கு இன்னொரு மூடி. பேட்டரிக்குத் திருப்புளியே வேண்டாம், இரண்டு தாழ்ப்பாளைத் தள்ளினால் கையோடு வந்துவிடும். டிவிடி டிரைவைக்கூட ஒரே திருகாணியில் உருவிவிட்டு, அந்த இடத்தில் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கை வைத்தவர்கள் உண்டு. ஏன், பிராசசரே பல மாடல்களில் சாக்கெட்டில்தான் உட்கார்ந்திருந்தது. இன்டெல்லின் நான்காம் தலைமுறையோடுதான் லேப்டாப்பில் அந்த வசதி முடிந்தது.

அதனால் அன்று தேர்வு செய்வது பாரமான காரியமாக இல்லை. எத்தனை ஜிகாஹெர்ட்ஸ், ஹார்ட் டிஸ்க் 320-ஆ 500-ஆ என்ற இரண்டு கேள்விகளோடு வியாபாரம் படிந்துவிடும். தவறாகத் தேர்ந்தெடுத்தாலும் ஓரிரு ஆயிரம் ரூபாயில் சரிசெய்துகொள்ளலாம்.

இன்று அப்படி இல்லை. வாங்கும் நாளில் எடுக்கும் முடிவுதான் அந்த லேப்டாப்பின் ஆயுள் முழுவதற்கும் முடிவு. லேப்டாப் வாங்குவதில் இந்தப் பதினைந்து ஆண்டுகளில் நடந்த மாற்றங்களில் இதைவிடப் பெரியது வேறு இல்லை என்று நினைக்கிறேன். வேகம் கூடியது, எடை குறைந்தது எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஓர் அலுவலகக் காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏரை மேடையில் எடுத்துக் காட்டினார். அதில் 2 ஜிபி ராம் மதர்போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்டிருந்தது. 2011-இல் இன்டெல் ‘அல்ட்ராபுக்’ என்ற பெயரில் மற்ற நிறுவனங்களையும் அதே வழிக்கு அழைத்தது. 2012-இல் வந்த ரெட்டினா மேக்புக் புரோவில் பேட்டரியையும் ஒட்டிவிட்டார்கள். மெலிவு மட்டும் காரணம் அல்ல. மின்சாரம் குறைவாக இழுக்கும் எல்பிடிடிஆர் வகை நினைவகம், பிராசசருக்கு மிக அருகில், குறுகிய பாதையில் இருந்தால்தான் அந்த வேகத்தில் பிழையில்லாமல் ஓடும். சாதாரண ஸ்லாட்டில் அது முடியாது. அதனால் கிடைத்த லாபத்தையும் மறுக்க முடியாது. அன்று ஆறு செல் பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கினால் நல்ல லேப்டாப் என்பார்கள். இன்று காலையில் சார்ஜ் போட்டுக் கிளம்பினால் மாலைவரை ஓடுகிறவை இருக்கின்றன. 2020-இல் ஆப்பிளின் எம்1 நினைவகத்தைப் பிராசசரின் பொதிக்குள்ளேயே கொண்டுபோனது. 2024-இல் இன்டெல்லின் லூனார் லேக்கும் அப்படியே செய்தது. அதில் 16 அல்லது 32 ஜிபி. மூன்றாவது வாய்ப்பு கிடையாது.

இந்த மாற்றம் யார் தலையில் விடிகிறது என்று பார்த்தால் கவலையாக இருக்கிறது. மகள் பொறியியல் முதலாண்டு சேர்கிறாள், அப்பா ஐம்பதாயிரத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு வருகிறார். 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி என்று அட்டையில் எழுதியிருக்கிறது. “போதுமா தம்பி?” என்கிறார். “இப்போதைக்குப் போதும் சார், பின்னாடி ராம் போட்டுக்கலாம்” என்று பதில் வருகிறது. பழைய காலத்தில் அது உண்மையான பதில். இன்று அந்த மாடலில் ஸ்லாட்டே இல்லாமல் இருக்கலாம். விண்டோஸும் பத்துப் பதினைந்து தாவல்கள் திறந்த பிரவுசரும் சேர்ந்தே 8 ஜிபியில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. தனி கிராபிக்ஸ் இல்லாத லேப்டாப்பில் திரைக்கான பங்கும் அதே ராமிலிருந்துதான் போகிறது. மூன்றாம் ஆண்டில் அந்தப் பெண் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறக்கும்போது தெரியும். அன்று செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

ஆகவே பணத்தை முதலில் போட வேண்டியது, பிறகு மாற்ற முடியாததில். ராம் சாலிடர் செய்யப்பட்டது என்றால் 16 ஜிபிக்குக் குறைந்து வாங்கக் கூடாது. ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் 8-ஐத் தாராளமாக வாங்கலாம். பிறகு இன்னொன்று போடும்போது அளவு மட்டும் கூடுவதில்லை, நினைவகம் இரட்டைப் பாதையில் ஓடத் தொடங்குவதால் உள்கட்டிய கிராபிக்ஸின் வேகமும் கூடும். எஸ்எஸ்டியைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம். பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்களில் அது இன்னும் ஒரு திருகாணியில் நிற்கும் எம்.2 அட்டைதான். ஒரு டிபிக்கு ஆசைப்பட்டு ராமைக் குறைப்பது தலைகீழ்க் கணக்கு. மிக மலிவான மாடல்களில் எஸ்எஸ்டிக்குப் பதில் வரும் இஎம்எம்சி மட்டும் வேண்டவே வேண்டாம். அது மெதுவானது, போர்டோடு ஒட்டியதும்கூட.

இந்தக் கதையில் கலப்படமில்லாத நல்ல மாற்றம் ஒன்று உண்டென்றால் அது எஸ்எஸ்டிதான். நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழன்ற ஹார்ட் டிஸ்க், விநாடிக்கு 100 எம்பி தருவதற்கே திணறியது. சாட்டா எஸ்எஸ்டி 500-ஐத் தாண்டியது. மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3,500 வரை போகிறது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியதே, அந்தக் காலத்து இயந்திரத்தில்கூட ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டியை வைத்தால் எழுத்து வேலைக்கு மறுபடி உயிர் வந்துவிடும்.

திரையை யாரும் கேட்பதில்லை. அன்று 15.6 அங்குலத்திலும் 1366-க்கு 768 புள்ளிகள்தான், கொஞ்சம் சாய்த்தால் நிறம் மாறிவிடும். ஆனால் பெரும்பாலானவை அப்படியே இருந்ததால் ஒப்பிட வழியில்லை. இன்று ஃபுல் எச்டி என்று பெட்டியில் போட்டுவிட்டு, உள்ளே 250 நிட் வெளிச்சமும் 45 சதவீத என்டிஎஸ்சி நிறமும் உள்ள பேனலை வைக்கிறார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தால் எழுத்து மங்கும், சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். நாளெல்லாம் கண் பார்த்துக்கொண்டிருக்கப் போவது இதைத்தான். 300 நிட்டுக்கு மேல், முழு எஸ்ஆர்ஜிபி நிறம் என்று தேடுங்கள். பிராசசரில் ஒரு படி இறங்கியாவது நல்ல திரையை வாங்கலாம் என்பது என் கட்சி.

பிராசசர் அன்று ஒரே எண்ணில் அடங்கியது. இன்று பெயரே புதிராகிவிட்டது. ஏஎம்டியின் ரைசன் 5 7520யு-வைப் பாருங்கள். 7000 வரிசை என்றதும் புதியது என்று தோன்றும். மூன்றாவது இலக்கம்தான் உண்மையைச் சொல்கிறது. 2 என்றால் ஜென் 2, அதாவது 2019-இல் வந்த வடிவமைப்பு. அதே வரிசையில் மூன்றாவது இலக்கம் 4 என்று இருந்தால் இரண்டு தலைமுறை புதியது. கிராபிக்ஸிலும் இதே கதை. ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை லேப்டாப்கள் இருக்கின்றன. ஒல்லியான உடலுக்குள் 45 வாட்டில் ஓடுவதும், கனத்த உடலில் 115 வாட்டில் ஓடுவதும் ஒன்றாகாது. வாட் எவ்வளவு என்று கேட்காமல் விலையை ஒப்பிடவே கூடாது.

காற்று கொஞ்சம் திரும்பியும் வீசுகிறது. 2021-இல் ஃபிரேம்வொர்க் என்ற அமெரிக்க நிறுவனம் எல்லாப் பாகத்தையும் மாற்றக்கூடிய லேப்டாப்பைக் கொண்டுவந்தது. 2023 டிசம்பரில் ‘கேம்2’ என்ற கழற்றக்கூடிய நினைவகத் தட்டு தரநிலையானது. 2024-இல் லெனோவா தன் திங்க்பேட் பி1-இல் அதைப் பொருத்தியது. ஆனால் இவை எதுவும் ஐம்பதாயிரத்துக்கு வருவதில்லை. போதாததற்கு, செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதில் 2025 கடைசியில் ராம் விலை மளமளவென ஏறிவிட்டது. விலையைப் பிடித்து வைக்க நிறுவனங்களுக்கு எளிய வழி ராமைக் குறைப்பதுதான். 8 ஜிபி சாலிடர் மாடல்கள் மலிவு விலையில் கண்ணைப் பறிக்கும்.

கடைக்காரர் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை. முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, நிறுவனத்தின் விவரத் தாளில் நினைவகம் என்ற வரியைப் பாருங்கள். ‘சாலிடர்டு’, ‘ஆன்போர்டு’, ‘நோ ஸ்லாட்ஸ்’ என்ற சொற்கள் இருந்தால் அவ்வளவுதான். டெல், எச்பி, லெனோவா மூன்றும் பிரித்துப் பழுதுபார்க்கும் கையேடுகளையே இணையத்தில் வைத்திருக்கின்றன. ஸ்லாட் எங்கே என்று அதில் படமே இருக்கும்.

16 ஜிபிக்கோ ஸ்லாட் உள்ள மாடலுக்கோ பணம் எட்டவில்லை என்றால், நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த பழைய பிசினஸ் லேப்டாப்களைப் பார்க்கச் சொல்வேன். இரண்டு ராம் ஸ்லாட், உறுதியான கீபோர்டு கொண்டவை அவற்றில் கிடைக்கும். இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே மட்டும் இறங்க வேண்டாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றில் பெரும்பாலானவற்றை முறைப்படி ஏற்பதில்லை. விலை பேசுவதற்கு முன் கடையிலேயே விண்டோஸின் பேட்டரி அறிக்கையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இன்று நிறையும் அளவும் அடுத்தடுத்து இருக்கும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.