கோப்பு ஒருவருடையது... காட்டுவது வேறொருவர் பெயர்! விண்டோஸும் லினக்ஸும் ஆளை அடையாளம் காண்பது எப்படி?

விருதுநகர் மாவட்டத்துக்குத் தலைநகரம் விருதுநகர்தான். ஆனால் மாவட்ட முதன்மை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். இ-கோர்ட்ஸ் திட்டத்தின் கீழ் நாடு முழுவதும் மாவட்ட நீதிமன்றங்களில் உபுண்டு லினக்ஸ் பயன்பாட்டில் இருக்கிறது. அங்கிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ராஜபாளையம். நூற்பாலைகள், பேண்டேஜ் துணி வியாபாரம், ஆடிட்டர் அலுவலகங்கள் என்று எங்கே போனாலும் டேலி ஓடும் விண்டோஸ் கணினிதான் கண்ணில் படும்.

ஒரே ஊர்ப்பக்கம், இரண்டு விதமான கணினி உலகம். இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் சேரும்போதுதான் கேள்வி எழுகிறது. விண்டோஸில் உள்ளே வந்த முருகனும், லினக்ஸில் இருக்கும் முருகனும் ஒரே ஆள்தான் என்று கணினிக்கு யார் சொல்வது?

"எங்க ஆபீஸ்ல லினக்ஸே கிடையாது" என்று சொல்பவர்களும் கொஞ்சம் மேஜைக்கு அடியில் பார்க்க வேண்டும். எல்லோரும் கோப்பு போட்டு வைக்க ஒரு சின்ன கறுப்புப் பெட்டி இருக்கிறதா? 'நாஸ்' என்று அழைக்கப்படும் அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குள் ஓடுவது லினக்ஸ்தான்.

கணினிக்குப் பெயர் முக்கியமே இல்லை

ஆதாரில் 'க.முருகன்', பான் கார்டில் 'முருகன் க' என்று இருந்து அலைந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். பெயரை நம்பினால் குழப்பம் வரும் என்பதால் கணினிகள் எண்ணை நம்புகின்றன. ஆனால் ஆளுக்கொரு முறையில் எண் கொடுக்கின்றன.

லினக்ஸ் கொடுப்பது யூஐடி என்ற சின்ன எண். உபுண்டுவில் முதலில் உருவாக்கப்படும் பயனருக்கு 1000, அடுத்தவருக்கு 1001, இப்படியே போகும். சர்வ அதிகாரம் படைத்த 'ரூட்' பயனருக்கு 0.

விண்டோஸ் கொடுப்பது எஸ்ஐடி. (செய்திகளில் அடிபடும் சிறப்புப் புலனாய்வுக் குழு அல்ல!) 'எஸ்-1-5-21' என்று ஆரம்பித்து, நடுவில் மூன்று நீண்ட எண்கள், கடைசியில் ஒரு சிறிய எண். நடுப்பகுதி அந்தக் கணினியை அல்லது அந்த நெட்வொர்க்கைக் குறிக்கும். கடைசி எண்தான் ஆள். அட்மினிஸ்ட்ரேட்டருக்கு எப்போதும் 500. அந்தப் பெயரையே மாற்றி வைத்தாலும் 500 மாறாது.

ஒரு கோப்பின் சொத்துரிமை விவரங்களைத் திறந்தால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நீளமாக எண்கள் மட்டும் தெரிவதைச் சிலர் பார்த்திருக்கலாம். பெரும்பாலும் அந்த ஆளின் கணக்கு நீக்கப்பட்டுவிட்டது, கோப்பில் எண் மட்டும் தங்கிவிட்டது என்று அர்த்தம்.

சிக்கல் எங்கே வெடிக்கும்?

ஒரு மில் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்டோர் பிரிவில் உள்ள லினக்ஸ் கணினியில் 1001 என்பது ஸ்டோர் கிளார்க். சம்பளப் பட்டியல் இருக்கும் சர்வரில் 1001 என்பது கணக்கர். இரண்டு கணினிகளையும் தனித்தனியாக நிறுவியதால் எண் ஒன்றாகிவிட்டது. லினக்ஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரப் பயன்படுத்தும் என்எஃப்எஸ் முறையின் வழக்கமான அமைப்பில், போய்ச் சேர்வது பெயர் அல்ல, எண். "1001 வந்திருக்கிறேன்" என்றால் சர்வர் கதவைத் திறந்துவிடும். ஸ்டோர் கிளார்க் ஹேக் எதுவும் செய்யாமலேயே எல்லோருடைய சம்பளம், வங்கிக் கணக்கு எண், ஆதார் நகல் எல்லாவற்றையும் பார்க்கலாம். 2023-ல் நிறைவேற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைப் பாதுகாக்கத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் என்கிறது.

இதில் ஒரே ஒரு ஆபத்தை மட்டும் என்எஃப்எஸ் தானாகவே தடுக்கிறது. வேறு கணினியின் ரூட் 0 என்று சொல்லிக்கொண்டு வந்தால், அதை 65534 என்ற 'யாருமில்லை' கணக்காக மாற்றிவிடும். 1001-க்கு அந்தக் காவல் கிடையாது.

அரசு லேப்டாப் வாங்கியவர்களுக்கு இதன் இன்னொரு முகம் ஞாபகம் இருக்கலாம். 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. விண்டோஸில் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய ஃபோல்டரை, பாஸ் வழியாக உள்ளே போய் சாதாரணமாகத் திறந்துவிடலாம். காரணம், அந்த எஸ்ஐடி யாருடையது என்று லினக்ஸுக்குத் தெரியாது, அது கண்டுகொள்வதும் இல்லை.

சரி, யார் மொழிபெயர்ப்பது?

இங்கேதான் 'சம்பா' வருகிறது. நெல் இல்லை, மென்பொருள். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1990-களின் தொடக்கத்தில் எழுத ஆரம்பித்தது. விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறையான எஸ்எம்பி-யின் மூன்று எழுத்துகளும் வரும் சொல்லை அகராதியில் தேடி வைத்த பெயர். நாஸ் பெட்டிகளில் விண்டோஸோடு பேசுவது பெரும்பாலும் இதுதான். அதில் உள்ள 'வின்பைண்ட்' என்ற பகுதி, எஸ்ஐடி-யை யூஐடி-யாக மாற்றித் தருகிறது.

மாற்றும் வழிகள் பல. எளிய வழி, வந்த வரிசைப்படி டோக்கன் கொடுப்பது. யார் முதலில் வருகிறாரோ அவருக்கு முதல் எண், அதை ஒரு பேரேட்டில் எழுதிக்கொள்ளும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சர்வர் பழுதாகி, கோப்புகளை மட்டும் பேக்கப்பில் இருந்து மீட்டு, அந்தப் பேரேட்டை மீட்காமல் விட்டால், அடுத்த நாள் காலை முதலில் வருபவருக்கு வேறொருவரின் பழைய எண் கிடைக்கும். அவருடைய கோப்புகள் இவருடையதாகிவிடும். பேக்கப் எடுப்பவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இந்தப் பேரேட்டைத்தான்.

இன்னொரு வழி கணக்குப் போடுவது. எஸ்ஐடி-யின் கடைசி எண் 1107, தொடக்க எண் 100000 என்றால், யூஐடி 101107. எந்த சர்வரில் போட்டாலும் அதே விடை வரும், தொடக்க எண்ணை எல்லா இடத்திலும் ஒன்றாக வைத்தால் போதும். பத்து, இருபது பேர் உள்ள அலுவலகத்துக்கு இதுவே தாராளம்.

ஏற்கெனவே பல வருடமாக லினக்ஸ் ஓடும் இடங்களில் பழைய எண்களை மாற்ற முடியாது. அங்கே, விண்டோஸின் மையப் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியிலேயே ஒவ்வொருவருக்கும் எதிரில் அவருடைய லினக்ஸ் எண்ணை எழுதி வைப்பார்கள். இதற்கான வடிவம் 1998-லேயே வெளியான ஒரு ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது. உழைப்பு அதிகம்தான், ஆனாலும் உறுதியான வழி இது.

ஒரே அலுவலகத்தில் ஒரு சர்வரில் வின்பைண்டும் இன்னொன்றில் எஸ்எஸ்எஸ்டி என்ற மென்பொருளும் ஓடினால், இரண்டும் வெவ்வேறு கணக்கு முறை என்பதால் ஒரே ஆளுக்கு இரண்டு எண் விழலாம்.

குழு என்றால் இன்னும் தலைவலி

உபுண்டுவில் 'முருகன்' என்று பயனரை உருவாக்கினால், 'முருகன்' என்றே ஒரு குழுவும் தானாக உருவாகும். ஆக்டிவ் டைரக்டரியிலோ பயனருக்கும் குழுவுக்கும் ஒரே பெயர் வைக்க முடியாது. பட்டியலை அப்படியே தூக்கிப் போட்டால் முட்டிக்கொண்டு நிற்கும். விண்டோஸில் ஒரு கோப்புக்கு ஒரு குழுவே உரிமையாளராக இருக்கலாம். லினக்ஸில் உரிமையாளர் தனி ஆள்தான். இதைச் சமாளிக்க சம்பா சில சமயம் ஒரே எண்ணை ஆளாகவும் குழுவாகவும் வைத்துக்கொள்கிறது.

உங்கள் எண்ணைப் பார்ப்பது எப்படி?

லினக்ஸ் டெர்மினலில் 'ஐடி' என்று அடித்தால் உங்கள் யூஐடி-யும், நீங்கள் இருக்கும் குழுக்களும் வரும். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் 'ஹூஆம்ஐ /யூசர்' கட்டளை எஸ்ஐடி-யைக் காட்டும். அலுவலகத்தின் இரண்டு லினக்ஸ் கணினிகளில் ஒரே ஆளுக்கு வேறு வேறு எண் வந்தால், கணினி பராமரிப்பவரிடம் உடனே சொல்லுங்கள்.

ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவர் கணக்கை உடனே அழித்துவிடாமல் முடக்கி வைப்பதே நல்லது. விண்டோஸ் டொமைனில் பழைய எஸ்ஐடி இன்னொருவருக்குப் போகாது. தனி லினக்ஸ் கணினியிலோ, கடைசியாகச் சேர்ந்தவரின் கணக்கை அழித்துவிட்டு அடுத்தவரைச் சேர்த்தால், அதே எண்ணே புதியவருக்குக் கிடைக்கலாம், போனவர் விட்டுச்சென்ற கோப்புகளோடு.